கல்லைக் கரைத்த திருநீறு

கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொட்டு விழ வேண்டும். பதினொன்று விழுந்தால் பம்பின் காதை ஒரு பக்கம் திருக வேண்டும், பதின்மூன்று விழுந்தால் மறுபக்கம் திருக வேண்டும். வேதியியலில் பட்டம் வாங்கியவன் பார்க்கிற வேலை. வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. வெளியே தேயிலைச் செடி ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாத பனி.

ஒன்பதாவது சொட்டில் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அஞ்சலை அக்கா. ஒரு கையில் மணி, மறு கையில் சூடம் எரிகிற தட்டு. தள்ளி நின்றேன். மெஷினுக்கு மூன்று சுற்றுத் தீபாராதனை நடந்தது. கண்ணாடிக் குழாய்க்கு ஒரு பொட்டு, பம்புக்கு ஒரு பொட்டு, மேலே பலகையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குத் திருநீற்றுப் பட்டை. சூடம் வாசனையில் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது.

"எத்தன சொட்டு சார்?"

"மறந்துட்டேன்க்கா."

"பரவால்ல லா. சாமி எண்ணிக்கும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. என் படிப்பை மதித்து, என் மெஷினைக் கும்பிடவும் இந்த உலகத்தில் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான் என்பதை இந்த வாரம் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

கேமரன் மலை வேலையை ஏன் விட்டீர்கள் என்று இந்தத் தொடரைப் படிக்கிற சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நான் எங்கே விட்டேன்? அதுதான் என்னை விட்டது. அதுவும் ஒரு சிட்டிகைத் திருநீற்றால்.

பாவம் போக்கும் மாவு

முதலில் அந்த மெஷின் என்னவென்று சொல்ல வேண்டும்.

மழைத் தண்ணீர் காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்துப்போய்க் கீழே விழுகிறது. அந்தப் புளித்த தண்ணீர் பாறையை மெல்ல மெல்லக் கரைக்கிறது. கரைக்கும்போது அந்தக் கரியமில வாயு திரும்பக் காற்றுக்குப் போகாமல் தண்ணீரிலேயே கட்டுப்பட்டுவிடுகிறது. இது பூமி தோன்றிய காலத்திலிருந்து, யாருடைய சம்பளமும் இல்லாமல் நடந்து வருகிற காரியம்.

இதைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு புத்திசாலிக்கு யோசனை வந்தது. சீக்கிரம் கரைகிற கருங்கல்லாகப் பார்த்து மாவாக அரைத்து, மழை கொட்டுகிற மலையில் தூவினால் என்ன? எங்கேயோ புகை விடுகிற கம்பெனி, இங்கே தேயிலைத் தோட்டத்தில் கல்மாவு தூவுவதற்குப் பணம் கட்டிவிட்டால் பாவம் கழிந்தது. அவர்கள் நிம்மதியாக இன்னும் கொஞ்சம் புகை விடலாம்.

ஆனால் கல் எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்று ஒரு கணக்கு வேண்டுமே. அதற்குத்தான் என் மெஷின். கை நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய்கள். உள்ளே கடுகு அளவில் உடைத்த கருங்கல். மேலே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியில் வடித்த தண்ணீர், அதில் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை ஊதி மழைத் தண்ணீர் மாதிரிப் புளிக்க வைத்திருப்போம். பம்பு அதைக் குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக அனுப்பும். கல்லைத் தடவிக்கொண்டு கீழே இறங்குகிற தண்ணீரைப் போத்தலில் பிடித்து, அதில் எவ்வளவு கால்சியம் வந்திருக்கிறது, எவ்வளவு சிலிக்கா வந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். கல் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

மாமியார் வீட்டில் விருந்துக்குக் காத்திருப்பதற்கு வேண்டிய பொறுமைகூட இதற்குப் பத்தாது. கல் எதற்கும் அவசரப்படாது.

தாப்பா பஸ்

அப்படியொரு வேலைக்கு ஏன் போனாய் என்றால், மனைவிக்காக.

தேன்மொழி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கல்யாணமான இரண்டாவது மாதமே மலைமேல் ரிங்லெட் பக்கம் போஸ்டிங் வந்துவிட்டது. நான் அப்போது கீழே, கிள்ளான் பக்கத்தில், செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் லேபில் இருந்தேன். எண்ணெயின் நிறத்தைப் பார்த்து எண் சொல்கிற வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, தாப்பாவில் இறங்கி, அங்கிருந்து அந்த மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் வயிறு தொண்டைக்கு வந்துவிட்டுப் போகும். ரிங்லெட்டில் இறங்கும்போது புது மாப்பிள்ளை பச்சை நிறத்தில் இருப்பான். சனிக்கிழமை முழுக்க ரசம் சாதம் சாப்பிட்டுத் தெளிந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி பஸ். இரண்டு வருஷம் இப்படியே குடும்பம் நடத்தினோம்.

மாற்றல் கேட்டு அவள் எழுதாத கடிதம் இல்லை. ஒவ்வொரு முறையும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

அந்த நேரத்தில்தான் தோட்டத்திலேயே லேப், தோட்டத்திலேயே குவாட்டர்ஸ், ஒரு வருஷ ஒப்பந்தம், வேலை நன்றாக நடந்தால் மேலும் மூன்று வருஷம் என்று விளம்பரம் வந்தது. கல்லை அளக்கச் சொன்னாலும் சரி, காற்றை அளக்கச் சொன்னாலும் சரி என்று ஓடினேன்.

ஆயாக்கொட்டகையில் அறிவியல்

லேப் என்று சொன்னார்களே தவிர, அது தோட்டத்து ஆயாக்கொட்டகை. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சம், கெட்டியான சிமெண்டுத் தரை, குழாய்த் தண்ணீர். இத்தனை வசதி உள்ள கட்டடத்தைக் குழந்தைகளுக்கு விட்டுவைப்பார்களா? மெஷினுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

குழந்தைகளைப் பழைய உர ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஒன்பது பிள்ளைகள். பாதி நம் பிள்ளைகள், பாதி இந்தோனேசியப் பிள்ளைகள். அஞ்சலை அக்காவிடம் வளர்ந்தால் எல்லாம் ஒரே தமிழில்தான் அழும்.

அஞ்சலை அக்காதான் இருபது வருஷமாக அங்கே ஆயா. ஐம்பது வயதைத் தாண்டியவர். கட்டடத்தின் சாவி அவரிடம் இருந்ததால், மானேஜர் துரை ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தார்: காலையில் லேபைக் கூட்டித் துடைப்பது, அப்புறம் உர ஸ்டோருக்கு ஓடிப் பிள்ளைகளைப் பார்ப்பது. காலையில் பேர் எடுக்கிற பெரட்டு முடிந்து மலைக்குப் போகிற தாய்மார் அங்கே பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

நான் வந்த முதல் நாள், சுவரில் இருந்த வாத்து, முயல் படங்களுக்கு மேல் ஆட்கள் வெள்ளைச் சாயம் அடிப்பதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பசியாறிட்டீங்களா சார்?" என்றார்.

"ஆச்சுக்கா."

"இந்த மெஷினு எத்தன நாளைக்கு இங்க இருக்கும்?"

"ஒரு வருஷம். நல்லா ஓடுச்சுன்னா இன்னும் இருக்கும்."

அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உர ஸ்டோருக்குப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை சூடம் கொண்டுவந்தார். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்த கதையைத்தான் மேலே சொன்னேனே.

ஒன்றும் வராத குழாய்

ஆரம்பத்தில் குழாய்கள் மூன்று. இரண்டில் கருங்கல். மூன்றாவதில் கழுவிச் சுத்தம் செய்த வெறும் மணல். அந்த மணல் கரையாது. அதிலிருந்து வருகிற தண்ணீரில் ஏதாவது இருந்தால் அது கல்லிலிருந்து வந்ததல்ல, வேறெங்கிருந்தோ வந்தது என்று பிடித்துவிடலாம். லேபுக்கு அதுதான் காவல்காரன்.

எங்கள் திட்டத் தலைவர் டாக்டர் கேசவன் கோலாலம்பூரில் இருப்பவர். மாதம் ஒருமுறை, சக்கரத்தில் சேறு படாத ஜீப்பில், பணம் போடுகிற வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மலையேறி வருவார். வந்தவர்கள் குழாயை போட்டோ எடுப்பார்கள். குழாயோடு தங்களையும் எடுத்துக்கொள்வார்கள். பிறகு கியா பார்முக்குப் போய் ஸ்ட்ராபெரி வாங்குவார்கள். அறிவியல் சுற்றுலா அத்தோடு முடிந்தது.

ஒருமுறை அவர்களில் ஒருவர், அந்த மூன்றாவது குழாயில் ஏன் எண் எதுவும் ஏறவே இல்லை என்று கேட்டுவிட்டார். டாக்டரின் முகம் கறுத்தது. அவர்களை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அதுல என்னப்பா இருக்கு?"

"மணல் டாக்டர். வெறும் மணல்ல என்ன வருதுன்னு தெரிஞ்சாத்தான்…"

"வெறும் மணல்ல என்ன வரும்?"

"ஒன்னும் வராது."

"ஒன்னும் வராததுக்கு எதுக்கு லா ஒரு குழாய்? பாக்கறவங்க ஃபெயிலியருன்னு நெனைக்கிறாங்க. எடுத்துரு."

எடுத்துவிட்டேன். இதில் என் குற்றமும் உண்டு. அது தப்பு என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தம் நீடிக்க வேண்டும் என்பதும் தெரியும். இரண்டாவது தெரிந்தது முதலாவதை விடச் சத்தமாகக் கேட்டது.

கேக்கு வெட்டிய கருங்கல்

குழாயை எடுத்த மறு வாரத்திலிருந்து எங்கள் கல் ஓட ஆரம்பித்தது.

கால்சியம் ஏறியது. அடுத்த வாரம் இன்னும் ஏறியது. புத்தகத்தில் போட்டிருக்கிற வேகத்தை எங்கள் கல் போகிற போக்கில் தாண்டியது. இத்தனைக்கும் மலைக் குளிரில் கல் இன்னும் மெதுவாகத்தான் கரைய வேண்டும். எண்ணை அனுப்பினால் டாக்டர் கேசவனிடமிருந்து பதிலுக்குக் கைதட்டுகிற படங்கள் வரும். மூன்றாம் மாதம் அவரே கேக்கோடு வந்துவிட்டார். கேக்கின் மேல் கறுப்புச் சாக்லேட்டில் ஒரு பாறை செய்து வைத்திருந்தார்கள்.

"மூனு வருஷம் கன்ஃபர்ம்," என்றார். "தோட்டம் முழுக்கக் கல்மாவு தூவப் போறோம். இந்தக் கட்டடத்த நிரந்தரமா எடுத்துக்கறோம். உனக்கும் மூனு வருஷம். ரிப்போட்டுல கையெழுத்து மட்டும் போட்டுரு."

மூன்று வருஷம்! தாப்பா பஸ் கிடையாது, பச்சை நிறம் கிடையாது. வீட்டுக்குப் போய் தேன்மொழியைத் தூக்கிச் சுற்றினேன். "கீழ எறக்குங்க, அடுப்புல பால் இருக்கு," என்றாள். பால் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று சிரித்தோம்.

மறுநாள் அஞ்சலை அக்காவுக்கும் ஒரு துண்டு கேக்கு கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"மூனு வருஷமா?" கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அப்பவாச்சும் போயிருமா சார்?"

"அதுக்கப்புறமும் இருக்கும்க்கா. கட்டடமே நமக்குத்தான்!"

அக்கா கேக்கை மேசைமேல் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை தட்டில் இரண்டு கட்டிச் சூடம் எரிந்தது. அந்த வாரத்து எண் எல்லாச் சாதனையையும் உடைத்தது.

வெள்ளிக்கிழமைக் கால்சியம்

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோதுதான் எண்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்தேன். பார்த்ததும் பச்சை நிறமாகிவிட்டேன். இந்த முறை பஸ்ஸே இல்லாமல்.

கருங்கல் கரைந்தால் கால்சியமும் சிலிக்காவும் சேர்ந்தே வர வேண்டும். எங்கள் போத்தலில் கால்சியம் மட்டும் எகிறியிருந்தது. சிலிக்கா முதல் மாதம் இருந்த இடத்திலேயே சிவனே என்று உட்கார்ந்திருந்தது. இன்னொன்று: கால்சியம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேல் ஏறி, வியாழக்கிழமைக்குள் இறங்கிவிடும். மறுபடி வெள்ளி. உலகத்திலேயே விரதம் இருக்கிற கல் எங்களுடையதுதான்.

பெட்டிக்குள் கிடந்த மூன்றாவது குழாயைத் தூசு தட்டி, மணலைக் கழுவி நிரப்பி, மாட்டினேன். வெள்ளிக்கிழமை வந்தது. கரையவே கரையாத மணல், கருங்கல்லுக்குச் சமமாகக் கரைந்தது. ஒன்றும் வராத குழாயில் எல்லாம் வந்தது.

மேலே ஏறித் தொட்டி மூடியைத் திறந்தேன். அடியில் வெள்ளையாகச் சன்னமான வண்டல்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சொட்டு எண்ணுகிற பாவனையில் ஓரக்கண்ணால் பார்த்தேன். தீபாராதனை முடிந்தது. தொட்டிக்குப் பட்டை போட்டார். பிறகு, நான் அத்தனை நாளும் எண்ணிக்கையில் மூழ்கிக் கவனிக்காத ஒரு காரியம் நடந்தது. மூடியைத் தூக்கி, ஒரு சிட்டிகைத் திருநீற்றை எடுத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, தண்ணீருக்குள் போட்டார்.

"அக்கா! என்னா செய்றீங்க?"

"துன்னூறு சார்."

"தண்ணிக்குள்ளயா?"

"பின்ன? புள்ளைங்க பயந்து அழுதா தண்ணியில துன்னூறு போட்டு ஒரு மடக்குக் குடுப்போம்ல. அடங்கிரும். இதுவும் ராப்பகலா டொக்கு டொக்குனு கத்துதே, அதான்."

வெளியே போட்ட பட்டைக்கு அது அடங்கவில்லை என்று, மூன்றாவது குழாயை நான் எடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் உள்ளேயும் போட்டாராம். நான் எண் ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டதைப் பார்த்துச் சிட்டிகையைக் கொஞ்சம் பெரிதாக்கினாராம்.

தட்டிலிருந்து கொஞ்சம் திருநீறு வாங்கி, ஒரு கிண்ணத்தில் வைத்து, மேலே ஒரு சொட்டு அமிலம் விட்டேன். சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது. கடையில் விற்கிற வெள்ளைப் பாக்கெட்டுத் திருநீறு. அந்தப் பாக்கெட்டில் சாம்பலை விடச் சுண்ணாம்புக்கல் பொடிதான் அதிகம். அது புளித்த தண்ணீரில் கரைகிற வேகத்துக்குக் கருங்கல் பக்கத்திலேயே வர முடியாது. டாக்டர் கேசவன் கேக்கு வெட்டிக் கொண்டாடியது அதைத்தான்.

அக்கா அந்த நுரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இனிமே போடாதீங்கக்கா," என்றேன். சரி சார் என்று தட்டை எடுத்துக்கொண்டு உர ஸ்டோருக்கு ஓடினார்.

கையெழுத்து

பதினோரு நாள் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீரனாக இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நான் வீரனில்லை. மனைவியோடு ஒரே வீட்டில் இருக்க ஆசைப்பட்ட ஒரு சாதாரண ஆள்.

பிறகு டாக்டர் கேசவனுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டார்.

"சிலிக்காவ யாருப்பா கேட்டா?" என்றார். "கால்சியம் வருதுல்ல? லோக்கல் தண்ணியோட தன்மைன்னு ஒரு வரி போட்டுரு."

"இது தண்ணியோட தன்மை இல்ல டாக்டர். திருநீறு."

"அத ஏம்ப்பா என்கிட்ட சொல்ற? நா கேட்டனா? நீ கையெழுத்துப் போடு. வேலய சூசா பண்ணிக்காத, அப்பறம் நீதான் கஷ்டப்படுவ."

தேன்மொழியிடம் சொன்னேன். பள்ளி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"போடுங்க. நல்லா அழகா, தெளிவாப் போடுங்க. நாளைக்கு எவனாச்சும் கண்டுபிடிச்சா, மொதல்ல அந்தப் பேரத்தான் படிப்பான். கேசவன் பேர் அதுல எங்கயாச்சும் இருக்கா?"

இல்லை. அளந்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது.

பிறகு சிவப்புப் பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் நீங்க இங்கயே இருக்கணும்னுதான் ஆசை. அத நா சொல்லலன்னு நெனைக்காதீங்க." நோட்டுகளை எடுத்து ஓரமாக அடுக்கி வைத்தாள். 

மறுநாள் சாவி வாங்க உர ஸ்டோர் பக்கம் போனேன். அதற்கு முன்பு ஒருநாள்கூட நான் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் கம்பி அடித்தது. பழைய உர மூட்டையின் காரம் மூக்கைக் கிழித்தது. அட்டையை விரித்து அதன்மேல் பாய் போட்டு, ஒன்பது பிள்ளைகளும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, காற்று வருகிற வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற ஏணை கட்ட அந்தக் கூரையில் ஒரு கொக்கிகூட இல்லை.

என் மெஷின் நின்ற இடத்தில் மட்டும், கூரை உத்தரத்தில் வரிசையாக ஆறு கொக்கி உண்டு. அதில் ஒன்றில்தான் நான் சிலிண்டர் குழாயை மாட்டியிருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, மூன்று குழாயோடும் நான்கு வாரம் திரும்ப அளந்தேன். கல் கரைந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கே உரிய வேகத்தில், யாருக்கும் கேக்கு வாங்கித் தராத வேகத்தில். அந்த எண்ணைத்தான் எழுதினேன். பழைய எண்கள் செல்லாது, தொட்டித் தண்ணீரில் வெளிப்பொருள் கலந்துவிட்டது, தொட்டியை ஒழுங்காக மூடிப் பாதுகாக்காதது என் தவறு என்றும் எழுதி, அழகாகத் தெளிவாகக் கையெழுத்துப் போட்டு, பணம் போடுகிறவர்களுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அஞ்சலை அக்காவின் பெயரை எங்கேயும் கொண்டுவரவில்லை. பாவம், என்மேல் இருக்கிற பாசத்தில் செய்துவிட்டார், அவருக்கு ஒரு கேடும் வரக்கூடாது என்று நினைத்தேன். அதை நினைத்து எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதையும் வந்தது.

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. திட்டம் முடிந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. டாக்டர் கேசவன் வரவில்லை. கைதட்டுகிற படமும் வரவில்லை.

லோரி வந்த நாள்

மெஷினை ஏற்ற லோரி வந்தது. குழாய்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். அஞ்சலை அக்கா விளக்குமாற்றோடு வாசலில் நின்றார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"கெளம்பிருச்சா சார்?"

"கெளம்பிருச்சுக்கா. நீங்க அவ்ளோ கும்புட்டும் நிக்கல." ஆறுதல் சொல்கிற தொனியில்தான் சொன்னேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நிக்கணும்னு யாரு சார் கும்புட்டா?"

எனக்குப் புரியவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். மொத வெள்ளியிலேருந்து ஒரே வேண்டுதல்தான். ஆத்தா, இந்தச் சனியன் சீக்கிரம் வேலய முடிச்சிட்டு எடத்தக் காலி பண்ணிரணும், எம் புள்ளைங்க வீட்ட எங்கிட்டயே குடுத்துரணும்னு. மூனு வருஷம்னு நீங்க கேக்குத் துண்டக் குடுத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. அதான் அந்த வாரம் ரெண்டு கட்டி ஏத்துனேன், ஒரு கை அள்ளியே போட்டேன்."

நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மெஷின் போக வேண்டும் என்று போட்ட திருநீறுதான் மெஷினை மூன்று வருஷம் இருக்க வைக்கப் பார்த்தது. அதே திருநீறுதான் கடைசியில் அதை லோரியில் ஏற்றியது. நடுவில் என் வேலை. கோபப்பட முயன்று பார்த்தேன். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, நிறுத்த முடியாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அதில் பாதி சிரிப்பில்லை.

"அலாமா, ஒங்க வேலயும் போயிருச்சா சார்?" அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. "அத நா வேண்டலியே! மெஷினத்தானே சொன்னேன்! ஒங்கள நா ஒரு வார்த்த சொல்லலியே சார்!"

கொக்கி

மறுபடி தாப்பா பஸ். கீழே தற்காலிகமாக ஒரு வேலை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே வளைவுகள், அதே பச்சை நிறம்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஆயாக்கொட்டகைப் பக்கம் போனேன். சுவரில் வெள்ளைச் சாயத்துக்கு மேல் யாரோ புதிதாக வாத்து வரைந்திருந்தார்கள், கழுத்து மட்டும் கொஞ்சம் நீளம். உத்தரத்தில் ஆறு கொக்கியிலும் சேலை ஏணை ஆடியது. நான் சிலிண்டர் குழாய் மாட்டியிருந்த கொக்கியில் ஓர் இந்தோனேசியக் கைக்குழந்தை, வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. யாரும் இருமவில்லை.

அக்கா என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடித் திருநீற்றுத் தட்டோடு வந்தார்.

"குனிங்க சார்."

"இப்ப எதுக்குக்கா?"

"ஒங்களுக்கு இங்கயே மலையில ஒரு வேல கெடைக்கணும்னு. டீச்சர் தனியா இருக்காங்கள்ல." சிட்டிகையை எடுத்தவர், கை பாதியில் நிற்க, என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பயமாக இருந்தது, நிஜமாகவே. "எவ்ளோ போடணும்னு நீங்களே அளவு சொல்லுங்க சார். அன்னிக்கு கூடப் போட்டுத்தான எல்லாம் தப்பாப் போச்சு."

அந்தத் தட்டில் இருந்தது என்ன, அது எந்த வேகத்தில் கரையும் என்று இந்த மலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை.

குனிந்தேன்.

"அளவெல்லாம் பாக்காதீங்கக்கா," என்றேன். "அள்ளிப் போடுங்க."